சென்ட், அத்தர்: கடையில் தினமும் கேட்கும் கேள்விகள்

திருச்சியில் எங்களுடையது சின்னக் கடை. அத்தா காலத்தில் அத்தர், ஊதுபத்தி, சுர்மா மட்டும்தான். இப்போது கண்ணாடி அலமாரியில் பாதிக்கு மேல் ஸ்ப்ரே பாட்டில்கள். பதினான்கு வருஷமாக நான் கல்லாவில் இருக்கிறேன். வருகிற முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. சாயங்காலக் கூட்டத்தில் நின்று நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே போட்டிருக்கிறேன். நான் தோல் டாக்டர் இல்லை. டாக்டரிடம் போக வேண்டிய இடத்தில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

பாய், சென்ட், பெர்ஃப்யூம், டியோ, பாடி ஸ்ப்ரே எல்லாம் ஒண்ணுதானே? பேர் மட்டும்தானே வேற?

சென்டும் பெர்ஃப்யூமும் ஒன்றுதான். வாசனைப் பொருள்களை எத்தனால் என்ற ஆல்கஹாலில் கரைத்து வைத்திருக்கிறார்கள். ஆல்கஹால் முதலில் பறந்துவிடும். வாசனை தோலில் தங்கி மெல்லக் கிளம்பும். டியோவின் வேலை வேறு. வியர்வைக்கென்று தனியாகப் பெரிய நாற்றம் கிடையாது. அக்குளில் குடியிருக்கும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் வாடை வருகிறது. அந்தப் பாக்டீரியாவை அடக்குவது டியோ. ஆன்ட்டிபெர்ஸ்பிரன்ட் என்று எழுதியிருந்தால் அதில் அலுமினிய உப்பு இருக்கும், அது வியர்வை வரும் துவாரத்தையே கொஞ்சம் அடைக்கும். பாடி ஸ்ப்ரே என்பது பெரும்பாலும் கேஸ் அடைத்த டப்பாவில் வரும் இலேசான சென்ட்.

சென்ட் வியர்வை நாற்றத்தை நீக்காது. குளிக்காமல் மேலே அடித்தால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும். மாலை ஆறு மணிக்கு டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஈடிடி, ஈடிபினு போட்டிருக்கே, அதுல எது ஒசத்தி?

ஓ டி டாய்லெட், ஓ டி பெர்ஃப்யூம் என்பதன் சுருக்கம். நூறு பங்கில் வாசனை எத்தனை பங்கு என்பதைக் காட்டும் பெயர்கள் இவை. கொலோன் என்றால் 2 முதல் 5, ஈடிடி 5 முதல் 15, ஈடிபி 15 முதல் 20, வெறும் பர்ஃபம் அல்லது எக்ஸ்ட்ரே என்றிருந்தால் 20-க்கு மேல். இவை ஏறக்குறையத்தான். சட்டம் வகுத்த அளவு கிடையாது, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரே பெயரில் ஈடிடியும் ஈடிபியும் வந்தால் ஒன்று மற்றொன்றின் நீர்த்த வடிவம் என்று நினைக்காதீர்கள். பல சமயம் கலவையே வேறாக இருக்கும்.

ஒசத்தி, மட்டம் என்று எதுவும் இல்லை. ஜெர்மனியில் கொலோன் நகரில் குடியேறிய இத்தாலியர் யோஹான் மரியா ஃபரினா, எலுமிச்சை, நாரத்தை வகைகளை வைத்து ஒரு வாசனை நீர் செய்து அந்த ஊர்ப் பெயரையே வைத்தார். 1709-ல் தொடங்கிய அந்தக் குடும்ப நிறுவனம் இன்றும் அங்கே இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் போய்விடும் இலேசான சரக்குதான். ஆனால் சித்திரை வெயிலில் குளித்துவிட்டுக் கையில் ஊற்றிப் பூசிக்கொள்ள அதற்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் கட்சி.

அத்தர்னா சுத்தமான பூவுல எடுத்தது. அதுல கெமிக்கல், ஆல்கஹால் எதுவும் இல்லைதானே?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பெரிய செம்பு அண்டாவில் பூவையும் தண்ணீரையும் போட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, விறகில் எரிப்பார்கள். அண்டாவுக்குப் பெயர் தேக். ஆவி மூங்கில் குழாய் வழியாக, தண்ணீர்த் தொட்டியில் மூழ்கியிருக்கும் பப்கா என்ற குடத்துக்குப் போகும். பப்காவில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். பூவின் வாசனையை அது வாங்கிக்கொள்ளும். அதுதான் அசல் அத்தர். சுட்ட மண்ணைப் போட்டு வடித்து, முதல் மழை மண்வாசனையையே அத்தராக்குகிறவர்களும் அங்கே உண்டு. அத்தா ஒரு தடவை அதைக் கொண்டுவந்து என் புறங்கையில் தடவினார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, நான் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு 3,000 கிலோவுக்கு மேல் பூ வேண்டும். சந்தன எண்ணெய் விலையோ உங்களுக்கே தெரியும். அப்படியிருக்க நூறு ரூபாய் ரோஜா அத்தரில் ரோஜா எப்படி இருக்கும்? அது ஆய்வுக்கூடத்தில் செய்த வாசனையை லிக்விட் பாரஃபின் போன்ற எண்ணெயில் கரைத்தது. நானும் அதைத்தான் விற்கிறேன், சொல்லித்தான் விற்கிறேன். செயற்கை என்பதாலேயே அது கெட்டது ஆகிவிடாது. பூவிலிருந்து வந்தது என்பதாலேயே தோலுக்கு ஒத்துவரும் என்றும் இல்லை. அரிப்பு பற்றிக் கீழே வருகிறது, அங்கே பாருங்கள்.

ஆல்கஹால் பொதுவாக அத்தரில் கிடையாது. தொழுகைக்காக அத்தர் கேட்பவர்கள் அதனால்தான் கேட்கிறார்கள். ஸ்ப்ரே போட்டுத் தொழலாமா என்ற கேள்வியை உங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேளுங்கள், கடைக்காரனிடம் வேண்டாம்.

கடையில அடிச்சப்ப ஒரு வாசனை, வீட்டுக்குப் போனா வேற வாசனை. பாட்டிலை மாத்திக் குடுத்துட்டீங்களா?

மாற்றவில்லை அம்மா. எல்லா வாசனைப் பொருளும் ஒரே வேகத்தில் பறப்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு, புதினா மாதிரியானவை இலேசானவை, பத்து இருபது நிமிஷத்தில் கிளம்பிப் போய்விடும். அடுத்து பூ வாசனைகள், மசாலா வாசனைகள் சில மணி நேரம் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், வெனிலா, கஸ்தூரி வகைகள் கனமானவை. இரவு சட்டையைக் கழற்றும்போதும் அவை இருக்கும். டாப், ஹார்ட், பேஸ் என்று நோட்டுகள் சொல்வார்களே, அது இதுதான்.

நீங்கள் கடையில் முகர்ந்து காசு கொடுத்தது முதல் பத்து நிமிஷத்துக்கு. உடம்பில் இருக்கப்போவது மீதி ஆறு மணி நேரம். அதனால் முதலில் காகிதத்தில் அடித்துப் பாருங்கள், பிடித்தால் கையில் ஒரு தடவை அடித்துக்கொண்டு கடைவீதியில் மற்ற வேலைகளை முடித்துவிட்டு வாருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் வாங்கலாம். இப்படிச் சொல்லி அனுப்பியதில் பாதிப் பேர் திரும்பி வரவில்லை, அது வேறு விஷயம்.

ஒரு தடவைக்கு எத்தனை முகர்ந்து பார்க்கலாம்? காபிக்கொட்டை வச்சிருக்கீங்களா?

மூன்று, மிஞ்சிப்போனால் நாலு. அதற்கு மேல் எல்லாம் ஒன்றாகத் தெரியும். காபிக்கொட்டை மூக்கைச் சுத்தம் செய்யும் என்பது கடைகளில் கிளம்பிய பழக்கம். சோதித்துப் பார்த்தவர்கள் வெறும் காற்றைவிட அதில் விசேஷம் எதையும் காணவில்லை. கடை வாசலில் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். இல்லையென்றால் சென்ட் படாத உங்கள் முழங்கை மடிப்பையே முகருங்கள். மூக்குக்கு நன்றாகப் பழகிய வாசனை அதுதான்.

எங்க அடிக்கணும்? மணிக்கட்டுல அடிச்சுத் தேய்க்கணும்னு சொல்றாங்களே?

கழுத்தின் பக்கம், காதுக்குப் பின்னால், முழங்கை மடிப்பு, மணிக்கட்டு. இங்கெல்லாம் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடும் சூடு தெரியும், சூடு வாசனையைக் கிளப்பும். ஒரு சாண் தள்ளிப் பிடித்து அடித்தால் பரவலாக விழும். தேய்த்தால் வாசனை உடைந்துவிடும் என்று பயமுறுத்துவார்கள், அவ்வளவு ஒன்றும் இல்லை. சூட்டில் முதல் கட்ட வாசனை சீக்கிரம் பறக்கும், பாதி மற்றக் கைக்கு ஒட்டிக்கொள்ளும், அதுதான் நடக்கும். தேய்க்காமல் உலர விடுங்கள்.

அப்போதுதான் ஷேவ் செய்த தாடையில், சிராய்ப்பில், கண்ணுக்குப் பக்கத்தில், அக்குளில் வேண்டாம். முத்துமாலையும் கவரிங் நகையும் போடுகிறவர்கள் முதலில் சென்டை அடித்து, அது உலர்ந்த பிறகு நகையைப் போடுங்கள். ஆல்கஹால் பட்டுப்பட்டு முத்தின் பளபளப்பு போய்விடும், கவரிங் மங்கிவிடும். அத்தரென்றால் மூடியோடு இருக்கும் கண்ணாடிக் குச்சியால் ஒரு தொடு போதும். அதில் நீர்க்க வைக்க ஆல்கஹால் கிடையாது, முழுச் சரக்கும் தோலிலேயே உட்காரும்.

எத்தனை அமுக்கு அமுக்கணும்?

ஆபீஸுக்கு இரண்டு. கல்யாணத்துக்கு மூன்று, நாலு. ஊத், அதாவது அகில் வகை கனமான சரக்கென்றால் ஒன்றே போதும். ஒரு அமுக்குக்குச் சுமார் 0.1 மில்லி வரும், 50 மில்லி பாட்டிலில் ஏறக்குறைய ஐந்நூறு அமுக்கு. தினம் இரண்டு வீதம் எட்டு மாதம் ஓட வேண்டும். ஒரு தம்பி இரண்டு மாதத்தில் காலி பாட்டிலோடு வந்து அளவு குறைவு என்று சண்டை போட்டார். அவர் கடைக்குள் வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது.

ஏழு மணி நேரம் நிக்கும்னு சொன்னீங்க. அரை மணி நேரத்துல போயிருச்சு. டூப்ளிகேட்டா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். போலியாகவும் இருக்கலாம், அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். ஆனால் பத்தில் எட்டு தடவை சென்ட் அங்கேயேதான் இருக்கிறது, உங்கள் மூக்குதான் அதை விட்டுவிட்டது. ஒரே வாசனை விடாமல் வந்துகொண்டிருந்தால் மூளை அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்திவிடும். பூக்கட்டும் அக்காவுக்கு மல்லி வாசம் தெரியாது, மீன் கடைக்காரருக்கு மீன் வாடை தெரியாது. வீட்டில் வேறு ஒருவரை முகரச் சொல்லுங்கள். அல்லது மொட்டை மாடியில் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்து உங்கள் சட்டைக் காலரை முகர்ந்து பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. மனித மூக்கில் ஏறக்குறைய 400 வகை வாசனை ஏற்பிகள் இருக்கின்றன. இந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்ததற்காக லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. எல்லோருக்கும் எல்லா ஏற்பியும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. சில செயற்கைக் கஸ்தூரிகள் சிலர் மூக்குக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் அப்படி ஒன்று உண்டு. ‘நல்லா தூக்குது பாய்’ என்று வாடிக்கையாளர் சொல்லுவார், எனக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

நிஜமாகவே சீக்கிரம் போகிறதென்றால் தோல் வறண்டிருக்கலாம். வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் அல்லது துளி வாஸ்லைன் தடவி, அதன்மேல் அடியுங்கள். எண்ணெய்ப் பசை வாசனையைப் பிடித்து வைக்கும். தேங்காய் எண்ணெயும் பிடிக்கும், ஆனால் தேங்காய் வாசமும் சேர்ந்து வரும்.

நம்ம ஊர் வெயிலுக்கு எது நல்லது?

சூட்டில் எல்லாமே வேகமாகப் பறக்கும். அதனால் இலேசான வாசனை சீக்கிரம் முடிந்துபோகும், கனமான வாசனை ஒரேயடியாகக் கிளம்பிப் பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி கொடுக்கும். துபாயில் ஏசியிலேயே இருப்பவர்கள் போடும் அளவைத் திருச்சி மே மாதத்தில் போட்டால் தாங்காது. பகலுக்கு எலுமிச்சை வகை, வெட்டிவேர், இலேசான சந்தனம். ஊத், அம்பர், வெனிலா வாசனைகளை மார்கழிக்கோ ஏசி மண்டபத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டிவேரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரெஞ்சுக்காரர்கள் பாட்டிலில் வெட்டிவேர் என்றே எழுதுகிறார்கள், அது நம் தமிழ்ச் சொல்தான். கடலூர் கடலோர மணலில் நன்றாக வரும். பானைத் தண்ணீரில் போடுவோமே, அதே வேர்தான். விலை உயர்ந்த ஆண்கள் சென்டில் அதை முகர்ந்துவிட்டு, ‘இது எங்க ஆத்தா வீட்டு வாசம்’ என்று சொன்னவர்கள் உண்டு.

துணியில அடிக்கலாமா? பட்டுப் புடவைக்கு?

பருத்தியில் அடிக்கலாம், தோலைவிட அதிக நேரம் நிற்கும். வெள்ளை வேட்டி சட்டையில் மஞ்சள் கறை விழ வாய்ப்பு உண்டு, உள்பக்கம் அடியுங்கள். பட்டில் வேண்டாம். ஆல்கஹாலும் எண்ணெயும் வட்டமாகக் கறை விடும், ஜரிகையும் கறுக்கும். அத்தரைப் பட்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பீரோவில் பஞ்சில் நனைத்து ஒரு மூலையில் வைத்தால் போதும், புடவையில் படாமல்.

போட்ட இடம் அரிக்குது, செவந்து போகுது. கழுத்து வேற கறுத்துப் போச்சு. சென்டாலயா?

அரிப்பும் சிவப்பும் சென்டால் இருக்கலாம். உடனே சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள், அந்தப் பாட்டிலை நிறுத்துங்கள், குறையவில்லையென்றால் தோல் டாக்டர். வாசனைப் பொருள்களில் ஒவ்வாமை தரக்கூடியவை நிறைய இருக்கின்றன. லினலூல், லிமோனீன், யூஜினால் என்று அட்டையில் பொடி எழுத்தில் இருப்பவை அவைதான். ஐரோப்பாவில் முதலில் 26 பொருள்களைக் கட்டாயம் எழுத வைத்தார்கள். 2023-ல் அந்தப் பட்டியலை எண்பதுக்கு மேல் நீட்டினார்கள். கிராம்பிலும் துளசியிலும் யூஜினால் உண்டு, எலுமிச்சைத் தோலில் லிமோனீன் உண்டு. இயற்கை, செயற்கை என்ற பேச்சு இங்கே எடுபடாது என்று அத்தர் பற்றிச் சொன்ன இடத்தில் குறிப்பிட்டது இதனால்தான். பழைய பாட்டிலில் காற்றுப் பட்டு லிமோனீனும் லினலூலும் ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டால் ஒவ்வாமை இன்னும் கூடும்.

புது சென்டை முழங்கை உள்பக்கம் ஒரு சொட்டு வைத்து, இரண்டு நாள் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லையென்றால் கழுத்துக்குப் போகலாம்.

கறுப்பு வேறு கதை. பெர்கமாட் என்ற நாரத்தை வகை எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து, சொட்டு வழிந்த வடிவிலேயே கறுப்புத் தழும்பு விழும். நல்ல கம்பெனிகள் அதை நீக்கிய எண்ணெயைத்தான் போடுகின்றன, மலிவுச் சரக்கில் உத்தரவாதம் இல்லை. வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் சட்டைக்குள் மறையும் இடத்தில் அடியுங்கள். ஆனால் கழுத்தைச் சுற்றி வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுத்திருந்தால் சென்டைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் அது உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். சர்க்கரையைப் பரிசோதிக்கச் சொல்லி நான் அனுப்பியவர்களில் இரண்டு பேருக்கு இருந்தது.

குழந்தைக்குப் போடலாமா? வீட்ல ஆஸ்துமா இருக்கு, பரவால்லையா?

கைக்குழந்தைக்கு வேண்டாம். குழந்தை அம்மாவை அடையாளம் கண்டுகொள்வதில் வாசனைக்கும் பங்கு உண்டு, தூக்கி வைத்திருக்கும் அம்மாவும் கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாம். ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் சென்ட் வாசனை இழுப்பையோ வலியையோ கிளப்பக்கூடும். மூடிய அறையில் அடிக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும்போது போடாதீர்கள்.

பாட்டில் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். நூறில் எழுபது, எண்பது பங்கு ஆல்கஹால். குழந்தை இரண்டு மடக்குக் குடித்தாலே ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல், பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பூஜை ரூம்ல, சாமி படத்துக்கு அடிக்கலாமா?

விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எத்தனால் ஆவி நம் ஊர் அறைச் சூட்டிலேயே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். கற்பூரம், காஸ் அடுப்பு, சிகரெட் எதற்குப் பக்கத்திலும் ஸ்ப்ரே கூடாது. உடம்பில் அடித்தாலும் உலர்ந்த பிறகுதான் அடுப்படிக்குப் போக வேண்டும். சாமிக்கு என்றால் அத்தரையோ சந்தனத்தையோ தொட்டு வையுங்கள். காரில் கேஸ் டப்பாவை விட்டுவிட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடு படக்கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். மூடிய கார் மே மாதத்தில் அதைச் சுலபமாகத் தாண்டும்.

மல்லிப்பூ சென்ட் எதுவுமே நிஜ மல்லிப்பூ மாதிரி இல்லையே, ஏன்?

எனக்குப் பிடித்த கேள்வி. மல்லியைக் கொதிக்க வைத்து எண்ணெய் எடுக்க முடியாது, சூட்டில் வாசனை செத்துவிடும். மதுரை, திண்டுக்கல், சத்தியமங்கலம் பக்கம் விளையும் மல்லியைச் சாயங்காலம் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், விரியும் நேரத்தில் ஹெக்சேன் என்ற கரைப்பானில் நனைப்பார்கள். கரைப்பானை நீக்கினால் மெழுகு மாதிரி ஒன்று மிஞ்சும், அதற்குக் கான்கிரீட் என்று பெயர். சிமென்ட் கான்கிரீட் அல்ல. அதிலிருந்து மெழுகைப் பிரித்தால் அப்சொல்யூட். ஒரு கிலோ கான்கிரீட்டுக்கே நூற்றுக்கணக்கான கிலோ பூ போகும். அது பிரான்ஸுக்குப் போய், உலகத்தின் விலை உயர்ந்த பாட்டில்களுக்குள் நம் ஊர் மல்லி இருக்கிறது.

பூவில் இண்டோல் என்று ஒரு பொருள் உண்டு. தனியாக முகர்ந்தால் பாச்சை உருண்டை வாடை, அதிகமானால் கழிவு வாடை. ஆனால் அது துளியளவு இருப்பதால்தான் மல்லி மல்லியாக இருக்கிறது. ராத்திரி தலையில் வைத்து, காலையில் வாடிய சரத்தை முகர்ந்தால் ஒரு மாதிரி இருக்குமே, அதில் அதன் பங்கு உண்டு. மலிவு சென்டில் அதைப் பயந்து எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது சோப்பு வாசனை. நிஜ மல்லி வேண்டுமென்றால் பத்து ரூபாய்க்கு அரை முழம் வாங்கிக்கொள்ளுங்கள், நானே அதைத்தான் சொல்வேன்.

ஊத்னா என்ன பாய்? ஏன் இப்படி விலை?

அகில்தான். பழைய பாட்டுகளில் பெண்கள் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுவதாக வருமே, அதே மரம். அகில் மரத்தில் பூஞ்சை தொற்றினால் மரம் தன்னைக் காத்துக்கொள்ள ஒரு பிசினைச் சுரக்கும். அந்தக் கறுத்த கட்டைக்குத்தான் விலை, நோய் வராத மரம் வெறும் விறகு. அசாமிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வளர்கிறது. காடுகளில் வெட்டித் தீர்த்ததால் அதன் வர்த்தகத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. ஸ்ப்ரே பாட்டிலில் ஊத் என்று எழுதியிருப்பது அனேகமாகச் செயற்கைக் கலவை.

கஸ்தூரி, புனுகு, அம்பர் இதெல்லாம் ஒரிஜினல் கிடைக்குமா? எங்க ஊர்ல ஒருத்தர்கிட்ட திமிங்கல அம்பர் இருக்காம்.

கிடைக்காது, கிடைத்தாலும் தொடாதீர்கள். கஸ்தூரி மான், அம்பர் தரும் எண்ணெய்த் திமிங்கலம் இரண்டுமே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பவை. அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். கடலோர ஊர்களில் அதை விற்கப் போய்ப் பிடிபட்டவர்கள் செய்தி அடிக்கடி வருகிறது. கடற்கரையில் ஒதுங்கியது கிடைத்தாலும் வனத்துறைக்குச் சொல்லிவிடுவதுதான் சரி.

புனுகு, புனுகுப் பூனையின் சுரப்பியிலிருந்து வருவது. திருப்பதியில் வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்குப் பிறகு மூலவருக்குப் புனுகுத் தைலம் சாத்துவது வழக்கம். கடையில் டப்பாவில் விற்கும் புனுகும் ஜவ்வாதும் பெரும்பாலும் கலவைதான். கஸ்தூரிக்குப் பதிலாகச் செயற்கைக் கஸ்தூரி 1888-லேயே வந்துவிட்டது. ஆல்பர்ட் பவுர் என்ற ஜெர்மானியர் வெடிமருந்து ஆராய்ச்சியில் இறங்கியிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது. அம்பருக்குப் பதிலாக அம்ப்ராக்சன் இருக்கிறது, அதை ஒரு செடியிலிருந்து எடுத்த பொருளை வைத்துச் செய்கிறார்கள். திமிங்கலத்தை யாரும் தேட வேண்டியதில்லை.

சரி, டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை ஒட்டியிருக்க வேண்டும், அது சட்டம். அட்டைக்கு அடியிலும் பாட்டிலுக்கு அடியிலும் இருக்கும் பேட்ச் எண் ஒன்றாக இருக்க வேண்டும். எழுத்துப் பிழை, கோணல் மூடி, கண்ணாடியில் குமிழி எல்லாம் சந்தேகத்துக்கு இடம். பத்தாயிரம் ரூபாய் சென்ட் எண்ணூறு ரூபாய்க்கு ‘ஃபர்ஸ்ட் காப்பி’ என்று வந்தால் யோசிக்கவே வேண்டாம். போலியில் எத்தனாலுக்குப் பதில் விஷமான மெத்தனால் கலந்தது பிடிபட்டிருக்கிறது. நானே தொடக்கத்தில் ஒரு மொத்த வியாபாரியை நம்பி இரண்டு பெட்டி வாங்கி ஏமாந்தேன். முதல் வாரத்திலேயே மூன்று பேர் தடிப்போடு வந்தார்கள். காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மீதியைக் குப்பைக்கு அனுப்பினேன்.

பிரபல சென்டின் வாசனையைப் பின்பற்றி, இன்ஸ்பயர்டு என்று தன் சொந்தப் பெயரோடு வருபவை வேறு. அவை யார் பெயரையும் திருடவில்லை, அட்டையில் எல்லாம் எழுதியிருந்தால் வாங்கலாம்.

ஃபிளைட்ல கொண்டு போகலாமா?

கைப்பையில் ஒரு பாட்டில் 100 மில்லிக்கு மேல் கூடாது. பாதி காலியான 150 மில்லி பாட்டிலும் கூடாது, பாட்டிலின் அளவுதான் கணக்கு. செக்-இன் பெட்டியில் ஒரு பாட்டில் 500 மில்லி வரை, ஷாம்பு போன்ற மற்ற ஒப்பனைச் சாமான்களையும் சேர்த்து ஆளுக்கு 2 லிட்டர் வரை.

எக்ஸ்பைரி உண்டா? ஃபிரிட்ஜுல வைக்கலாமா?

திறந்த டப்பா படம் போட்டு 36எம் என்றிருந்தால், திறந்து 36 மாதம் என்று பொருள். நன்றாக வைத்தால் அதற்கு மேலும் ஓடும். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எதிரி. பாத்ரூம் அலமாரியும் ஜன்னலோரமும் கூடாது, துணி பீரோவின் கீழ்த்தட்டு நல்லது. பிரான்ஸில் வெர்சாய் நகரில் ஆஸ்மோதெக் என்று சென்டுகளுக்கான காப்பகம் ஒன்று 1990-லிருந்து இருக்கிறது. அங்கே 12 டிகிரியில், காற்றுக்குப் பதில் ஆர்கான் வாயு நிரப்பி வைக்கிறார்கள். உங்களுக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம், சாம்பார் வாசனையும் சேரும். நிறம் அடர்ந்து, முதல் வாசனை புளித்த மாதிரியோ வினிகர் மாதிரியோ வந்தால் தோலில் போடாதீர்கள். காரணம் அரிப்புக் கேள்வியில் இருக்கிறது.

எங்க வீட்டுக்காரர் போட்ட அதே சென்ட், அதே கம்பெனி. ஆனா இப்ப வாங்கினா அந்த வாசனை இல்லையே?

இதைக் கேட்டவர் ஒரு வயதான அம்மா. பையில் காகிதம் சுற்றிய பழைய பாட்டில், அடியில் விரற்கடை அளவு மிச்சம். கணவர் இறந்து ஆறு வருஷம் என்றார்.

அம்மா சொன்னது சரி. பெயரும் பாட்டிலும் அப்படியே இருக்கும், உள்ளே கலவை மாறியிருக்கும். ஒவ்வாமை தரும் பொருள்களுக்கு, 1973-ல் தொடங்கிய ஐஎஃப்ஆர்ஏ என்ற வாசனைத் தொழில் அமைப்பு அளவு கட்டுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் சிலவற்றைத் தடையே செய்துவிட்டது. ஆண்கள், பெண்கள் சென்டுகளில் தாராளமாக இருந்த லிலியல் என்ற பொருள் 2022 மார்ச் முதல் அங்கே கூடாது. மரத்தில் வளரும் ஓக்மாஸ் பாசியையும் வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். இது போக, செலவைக் குறைக்க மாற்றுகிறவர்களும் உண்டு.

பழைய பாட்டிலைத் தோலில் போட வேண்டாம் என்று சொன்னேன். அதிலிருந்து சின்ன அத்தர்க் குப்பி ஒன்றுக்கு, காற்றுக்கு இடமில்லாமல் கழுத்து வரை மாற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, வெள்ளித்தாள் சுற்றிக் கொடுத்தேன். முகர வேண்டும் என்று தோன்றும்போது குப்பியைத் திறக்காமல், பழைய பாட்டிலின் மூடியை முகரச் சொன்னேன், அதில் கொஞ்ச நாள் இருக்கும். காசு வாங்கவில்லை. புது பாட்டிலையும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை, பேரனுக்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டு போனார்.